வதனியின்ரை மெயிலுக்குள்ளை பூந்த கள்ளன்

“உங்கடை காலத்திலை இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லைத்தானே அக்கா? போனுக்கு வாற ஓரீபீ நம்பரைக் கேட்டுக் கோல் எடுக்கிற கள்ளர் இல்லை, பேஸ்புக்கிலை கள்ளப் பேரிலை ஆக்கள் இல்லை. நிம்மதியாய் வேலை செய்திருப்பியள்.”

நான் வேலையை விட்டு நிண்ட பிறகும் இடைக்கிடை எட்டிப் பாக்கிற கொம்பியூட்டர் நிலையத்திலை ஒரு பிள்ளை போன மாதம் இப்பிடிக் கேட்டுது. எனக்கு வந்த கோபத்தைப் பாக்கவேணும்! நிம்மதியோ? கள்ளன் எண்டால் உங்களுக்கு எங்கையோ இருக்கிற முகம் தெரியாதவன். எங்களுக்கு வந்த கள்ளன் பக்கத்துக் கதிரையிலை இருந்து, நாங்கள் ஊத்திக் குடுத்த தேத்தண்ணியையும் குடிச்சிட்டுப் போனவன்! இரு பிள்ளை, சொல்லுறன் எண்டு தொடங்கினனான். அண்டைக்கு அவையள் கடை பூட்டிற நேரம் வந்திட்டுது. பிறகு எல்லாருமாய்ச் சேர்ந்து, இதை எழுதித் தாங்கோ எண்டு பிடிச்ச பிடியிலை நிண்டிச்சினம்.

நான் முதலிலை தட்டெழுத்துக்காரி. வவுனியாக் கச்சேரிக்கு, அதுதான் அரசாங்க அதிபரின்ரை கந்தோருக்கு, முன்னாலை மர நிழலிலை இருந்து, வாற சனத்துக்கு மனு அடிச்சுக் குடுத்தனான். சண்டை நிண்டு சமாதான காலம் வந்து, யாழ்ப்பாணம் போற கண்டி றோட்டைத் திறந்தாப்போலை ரவுணிலை ரெலிபோன், இன்ரநெற் எண்டு கொமினிக்கேசன் கடையள் மழைக்கு முளைச்ச காளான் மாதிரி முளைச்சுது. அதிலை ஒண்டுதான் நிஸ்தார் நாநாவின்ரை கடை. “கீ போட்டைப் பாக்காமல் அடிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்” எண்டு கேட்டு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நாள் பழகினன். மௌஸை உருட்டி உருட்டி மேசையாலை கீழை விழுத்தினதைத் தவிர அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒண்டுமில்லை.

நிஸ்தார் நாநாவைப் பற்றித்தான் சொல்லவேணும். முல்லைத்தீவு முஸ்லிம் ஆள், நாநா எண்டால் அவையளுக்கு அண்ணன். இடம்பெயர்ந்து புத்தளத்திலை கனகாலம் இருந்து திரும்பி வந்தவர். ஒருநாளும் சத்தம் போடமாட்டார். கோபம் வந்தால் ஒரு கேள்வி கேப்பார்: “தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?” வாடிக்கையாளரைக் கேட்டால் அது உபசாரம். எங்களைக் கேட்டால், அவ்வளவுதான், அண்டைக்கு எங்களுக்குக் கண்டம்! தேத்தண்ணி வரும், முன்னாலை இருப்பார், நாங்கள் குடிச்சு முடிக்கும்வரைக்கும் ஒரு சொல்லுப் பறையமாட்டார். அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கிறதை விட அடி வாங்கலாம்.

அவரின்ரை சட்டம் கொஞ்சம்தான், ஆனால் இரும்புச் சட்டம். ஆராவது பாஸ்வேட் அடிச்சால் நாங்கள் முதுகைக் காட்டி நிக்கவேணும். எழும்பிப் போனவுடனை மெயிலை மூடினவையோ எண்டு பாத்து, மூடாட்டில் நாங்கள் மூடவேணும். ஐடென்ரிக் காட்டை ஸ்கான் பண்ணி அனுப்பினால், அனுப்பின கையோடை கொம்பியூட்டரிலையிருந்து அழிக்கவேணும், குப்பைக் கூடைக்குள்ளையும் இருக்கப்படாது.

“ஏன் நாநா இவ்வளவு கெடுபிடி?” எண்டு ஒருக்கால் கேட்டன்.

“புள்ளை, நாங்க வெளிக்கிட்டு வரக்குள்ள காணி உறுதி, பிறப்புப் பத்திரம் எல்லாத்தையும் விட்டுட்டு வந்த ஆக்கள். நான்தான் நிஸ்தார் எண்டு காட்ட எத்தினை கந்தோர் வாசல்ல நிண்டிருப்பன்! நான் நான்தான் எண்டு சொல்லி அழுத ஆளுக்குத்தான் பேரிட அருமை விளங்கும்.”

எங்கடை சனத்துக்கு ஆனால் அது விளங்கினால்தானே! கடை வாசலிலை நிண்டு, “பிள்ளை, என்ரை பாஸ்வேட் ‘முருகா’ எண்டெல்லோ போட்டனாங்கள், திறந்து விடு, சைக்கிளை விட்டுட்டு வாறன்” எண்டு கூப்பிடுவினம். அந்தத் தெருவுக்கே கேக்கும். கொக்கிளாயிலை வள்ளம் வைச்சு மீன் பிடிப்பிச்சு, இடம்பெயர்ந்து ரவுணுக்கு வந்த ஒரு சம்மாட்டியார் மறந்து போகுமெண்டு தன்ரை பாஸ்வேட்டைச் சைக்கிள் மட்காட்டிலை பெயின்ராலை எழுதி வைச்சிருந்தார்! “அண்ணை, களவெடுக்கிறவன் சைக்கிளையும் சேத்தெல்லோ கொண்டு போவான்” எண்டு கேட்டதுக்கு, “பழைய சைக்கிள் பிள்ளை, ஒருத்தனும் எடான்” எண்டார். என்ன செய்யிறது!

ஒண்டும் திறக்காட்டில் எல்லாரும் ஒரே பாட்டு: “அக்கா, இது திறக்குதில்லை!” உடனை நான் ஓடவேணும். இன்னொரு கூத்தும் இருந்தது. தபால்பெட்டி மாதிரி மெயிலும் கடைக்குக் கடை வேறை எண்டு கன பேர் நினைச்சிருந்தவை. ஒரு கடையிலை திறக்காட்டில் மற்றக் கடைக்குப் போவினம், அந்தக் கொம்பியூட்டர் நல்ல கொம்பியூட்டராம்!

இப்ப வதனியின்ரை கதைக்கு வாறன்.

வதனி பூவரசங்குளத்துப் பிள்ளை. முன்பள்ளியிலை படிப்பிச்சுக்கொண்டிருந்தவா. பிரான்சிலை இருக்கிற ரமணன் எண்டவருக்குப் பேசிச் சரிவந்திருந்தது. பொருத்தம் பாத்து, ரெண்டு பக்கமும் ஓமெண்ட பிறகு, “சரி, ரெண்டு வரி எழுதிக்கொள்ளட்டும்” எண்டு தகப்பன் இடம் குடுத்தார். நான்தான் மெயில் திறந்து குடுத்தனான். சனிக்கிழமையிலை பஸ் ஏறி வந்து, துப்பட்டாவாலை முகத்தைத் துடைச்சுப் போட்டு, ஒரு மூலைக் கொம்பியூட்டரிலை இருந்து சிரிச்சுச் சிரிச்சு எழுதுவா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நேரிலை காணேல்லை. ஒரு படம், ஒரு சாதகக் குறிப்பு, நாலைஞ்சு மெயில், அவ்வளவுதான் பழக்கம்.

ஒரு சனிக்கிழமை தகப்பனோடை வந்தா. முகம் அழுது வீங்கியிருந்தது. தகப்பன் செல்லையா அண்ணைக்குக் கண் சிவந்திருந்தது. கூடவே சுதன் எண்ட பெடியனும் வந்தான். தாய்மாமன்ரை மகன், வதனிக்கு முறை மச்சான். எங்களுக்குத் தெரிஞ்ச முகம்தான். வதனிக்கு மாப்பிள்ளை பாக்கத் தொடங்கினபோது குறிப்பைக் கொண்டுவந்து எங்களிட்டைப் போட்டோக் கொப்பி அடிச்சு, புறோக்கர்மாருக்குக் கொண்டுபோய்க் குடுத்தது அவன்தான். நல்ல உதவியான பெடியன் எண்டு நான் வாய் நிறையச் சொல்லியிருக்கிறன்.

“மாப்பிள்ளை வேண்டாமெண்டு சொல்லிப் போட்டானாம். காரணம் சொல்லானாம். இவள் என்னத்தை எழுதித் துலைச்சாள் எண்டு எனக்குப் பாக்கவேணும், திற பிள்ளை!” எண்டு செல்லையா அண்ணை மேசையிலை அடிச்சார்.

“மாமா, நான் அப்பவே சொன்னனான், வெளிநாட்டுச் சம்பந்தம் இப்பிடித்தான்” எண்டு சுதன் தோளைத் தடவினான்.

நிஸ்தார் நாநா எழும்பி வந்தார். “அண்ணை, பொம்பிளைப் புள்ளைட கடிதம். முதல்ல அவ பாக்கட்டும். வாங்க, நாங்க வெளியில இருப்பம். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?” எண்டு ரெண்டு பேரையும் தள்ளாத குறையாய்க் கூட்டிக்கொண்டு போனார்.

வதனி பாஸ்வேட்டை அடிச்சா. பிழை எண்டுது. திருப்பி அடிச்சா. பிழை.

“அக்கா, ஆரோ மாத்திப் போட்டினம்!”

பாஸ்வேட் மறந்தால் கேக்கிற கேள்விப் பக்கத்தைத் திறந்தன். பிறந்த திகதி என்ன? பிறந்த ஊர் எது? வதனி ‘உடையார்கட்டு’ எண்டு அடிச்சா. கதவு படாரெண்டு திறந்தது! புதுப் பாஸ்வேட் போடச் சொல்லி இடம் விட்டுது.

அப்பதான் எனக்கு மண்டையிலை அடிச்ச மாதிரி விளங்கிச்சுது. பிறந்த திகதி, பிறந்த நேரம், பிறந்த ஊர், தாய் பேர், தகப்பன் பேர். எல்லாம் எங்கை இருக்கு? சாதகக் குறிப்பிலை! அந்தக் குறிப்பு எங்கை இருக்கு? ஊரிலை, வவுனியாவிலை, கொழும்பிலை, புறோக்கர்மாரின்ரை பையளுக்குள்ளை! வெள்ளைக்காரன் இரகசியம் எண்டு கேட்ட கேள்விக்கெல்லாம் எங்கடை சனம் மஞ்சள் பூசிக் கொப்பி அடிச்சு வீடு வீடாய் மறுமொழி குடுத்து வைச்சிருக்கு. கள்ளன் பூந்த வேலிப் பொட்டாலைதான் நாங்களும் பூந்திருக்கிறம்.

உள்ளுக்கை போய்ப் பாத்தால், வதனி எழுதாத கடிதங்கள் வதனியின்ரை பேரிலை கிடக்குது. “எனக்கு விருப்பமில்லை. அப்பாவுக்குப் பயந்து ஓமெண்டனான். ரெலிபோன் எடுத்தால் பக்கத்திலை நிண்டு வெருட்டி ஓமெண்டு சொல்ல வைப்பினம். நம்பாதையுங்கோ.” கள்ளன்ரை மூளையைப் பாத்தியளோ! தான் களவெடுத்தது போதாதெண்டு, சொந்தக்காரி வந்து கதவு தட்டினாலும் திறக்காதை எண்டு சொல்லி வைச்சிருக்கிறான்.

அதுக்கு ரமணன் எழுதின மறுமொழிதான் எங்களை அழ வைச்சது. “பயப்பிடாதையும். நான்தான் வேண்டாமெண்டதாய் எங்கடை வீட்டிலை சொல்லுறன். உமக்கு ஒரு பழியும் வராது.”

“இவ்வளவு நல்ல மனிசன் அக்கா” எண்டு சொல்லி வதனி மேசையிலை கவிண்டு போனா. அந்த மனிசன் அவாவைக் காப்பாத்திறதாய் நினைச்சுத்தான் அவாவை விட்டுட்டுப் போறார். இதை விட அநியாயம் உண்டோ?

முதலிலை கதவைப் பூட்டினம். “பிறந்த ஊர் எண்டதுக்குப் பொய் எழுது” எண்டன். “பொய்யோ அக்கா?” எண்டு அந்த நிலையிலையும் கேக்கிறா! “ஓம், பச்சைப் பொய். ஊரின்ரை பேராயும் இருக்கப்படாது. எனக்கும் சொல்லக்கூடாது” எண்டிட்டு முதுகைக் காட்டி நிண்டன். அடிச்சு முடிச்சா. நாநாவுக்கு மெல்லமாய் விசயத்தைச் சொன்னன். “பறை அடிக்காதீங்க. கள்ளன் திரும்ப வருவான்” எண்டார். வெளியிலை நிண்ட ரெண்டு பேருக்கும் சொல்லேல்லை.

வதனி அண்டைக்கே ரமணனுக்கு எழுதினா, அது நானில்லை எண்டு. வந்த மறுமொழி: “அண்டைக்கு வேண்டாமெண்டு எழுதினதும் இதே மெயில்தான். இண்டைக்கு எழுதுறது ஆரெண்டு நான் என்னெண்டு நம்புறது?” சரி, கேள்வி நியாயம்தானே! மாப்பிள்ளையோடை நேரை கதைச்சுப் பாப்பம் எண்டு தகப்பனை மட்டும் கூப்பிட்டு ரெலிபோன் எடுத்தம். கடையின்ரை ரெலிபோன் பெட்டிக்குள்ளை வதனி, அவாவின்ரை தோளோடை ஒட்டி நிண்டுகொண்டு தகப்பன். “எனக்குச் சம்மதம்” எண்டு வதனி சொல்ல, “உமக்குப் பக்கத்திலை ஆர் நிக்கினம்?” எண்டு கேட்டிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, “அப்பா” எண்டிட்டுது. “சரி, விளங்குது” எண்டு வைச்சிட்டார்.

“உனக்கும் அவருக்கும் மட்டும் தெரிஞ்ச ஒண்டைச் சொல்லு பிள்ளை” எண்டன்.

“அவருக்கு என்னைப் பற்றித் தெரிஞ்சதெல்லாம் அந்தக் குறிப்பிலையும் மெயிலிலையும் இருக்கிறதுதான் அக்கா. குறிப்பு ஊருக்கே தெரியும், மெயில் கள்ளனுக்குத் தெரியும். நான்தான் வதனி எண்டு நான் எதை வைச்சுச் சொல்ல?”



அடுத்த கிழமை கடையிலை நல்ல சனம். நான் ஒரு வயசான மனிசிக்குப் பேரப்பிள்ளையின்ரை படத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறன். பின்னாலை இருந்து வழமையான பாட்டு:

“அக்கா, இதுவும் திறக்குதில்லை!”

திரும்பினால் சுதன். கூப்பிட்ட பிறகுதான் அவனுக்கே உறைச்சிருக்கவேணும், கையாலை திரையை மறைக்கிறான். கை எவ்வளவு பெரிசு? விரலுக்கு இடையிலை தெரியுது, வதனியின்ரை மெயில் விலாசம்! கீழை ‘உடையார்கட்டு’ எண்டு அடிச்சு, பிழை எண்டு சிவப்பிலை நிக்குது. பேந்து தெரிஞ்சுது, அவன் இவ்வளவு நாளும் பஸ் நிலையத்துப் பக்கத்துக் கடையிலைதான் இந்த வேலை பாத்தவன். அங்கை திறக்காமல் போகவே, அந்தக் கடைக் கொம்பியூட்டர் பழுது எண்டு நினைச்சு எங்கடை நல்ல கொம்பியூட்டருக்கு வந்திருக்கிறார் துரை!

நான் போட்ட கூச்சல் கச்சேரி வரைக்கும் கேட்டிருக்கும். “அட பாவி! வேலியே பயிரை மேஞ்ச கதையெல்லோடா இது!”

நாநா ஓடி வரேல்லை. ஆறுதலாய் வந்து திரையைப் பாத்தார். சுதனைப் பாத்தார். ஒரு கதிரையை இழுத்து முன்னாலை போட்டார்.

“தேத்தண்ணி குடிக்கிறீங்களோ தம்பி?”

செல்லையா அண்ணைக்கும் வதனிக்கும் ஆள் அனுப்பினம். அவை வந்து சேரும்வரைக்கும் சுதன் அந்தக் கோப்பையைக் கையிலை வைச்சுக்கொண்டு இருந்தான். முன்னாலை நாநா, வாய் திறக்கேல்லை.

தகப்பனைக் கண்டவுடனை சுதன் அழுதான். “அவள் எனக்கு முறை மாமா. சின்னனிலை இருந்தே எனக்குத்தான் எண்டு எல்லாரும் சொன்னவை. பிறகு என்ரை கையாலையே குறிப்பைக் குடுத்துவிட்டியள்.”

எனக்கு அந்த நேரம் ஒரு கணம் பாவமாய்த்தான் இருந்தது. ஆனால் வதனிக்கு இரக்கம் வரேல்லை. “முறை எண்டால் வந்து கேட்டிருக்கலாம். என்ரை வாயாலை நீ ஏன் கதைச்சனி?” எண்டு ஒரு கேள்விதான் கேட்டா.

“நானே ரமணன் அண்ணைக்குச் சொல்லுறன், நான்தான் எழுதினதெண்டு” எண்டான் சுதன். செல்லையா அண்ணை உடனை “ஓம், இப்பவே சொல்லு!” எண்டு துள்ளினார். எனக்கும் அது நல்லாய்த்தான் பட்டுது.

“வேண்டாம்” எண்டா வதனி. “நான் ஆரெண்டு கள்ளன் சாட்சி சொல்லி அவர் நம்பத் தேவையில்லை. நான் சொல்லுறன்.”

எங்களிட்டை அப்ப புதிசாய் ஒரு வெப்காம் வந்திருந்தது. படம் விட்டு விட்டுத்தான் வரும், கை ஆட்டினால் கை ஒரு பக்கம், நிழல் ஒரு பக்கம். முகம் பாத்துக் கதைக்க ஒரேயொருக்கால் வரச் சொல்லி வதனி எழுதினா. ரமணன் வாறன் எண்டார். அந்த நேரத்துக்கு நாநா கடையை வெறுமையாக்கினார், அதுவும் சனிக்கிழமை யாவாரத்தை விட்டுட்டு! செல்லையா அண்ணையையும் வெளியிலை போகச் சொன்னார்.

“என்ரை மகள் கதைக்கிறதுக்கு நான் றோட்டிலை நிக்கிறதோ?”

“நீங்க உள்ளுக்க நிண்டா, கதைக்கிறது உங்கட மகள் எண்டு மாப்பிள்ளை நம்பமாட்டார் அண்ணை. வாங்க.”

லைன் அறுந்தால் திருப்பிக் கொழுவவேணும் எண்டு நான் மட்டும் நிண்டனான். ரமணன்ரை முகம் வந்தது. சாப்பாட்டுக் கடை வேலை உடுப்போடை, நித்திரை இல்லாத கண்ணோடை ஒரு மெலிஞ்ச மனிசன். வதனி ஒரு வணக்கம் சொல்லேல்லை, குனிஞ்சு இருக்கேல்லை. வெப்காமைப் பிடுங்கிக் கையிலை எடுத்தா! மேசைக்குக் கீழை காட்டினா, கதவுக்குப் பின்னாலை காட்டினா, நாலு மூலையும் சுத்திக் காட்டினா. “இது புவனா அக்கா, லைன் பாக்கிறவா. வேறை ஒருத்தரும் இல்லை. அப்பா அந்தா றோட்டிலை நிக்கிறார், கண்ணாடியாலை தெரியுது, பாருங்கோ.” நான் என்ன செய்யிறதெண்டு தெரியாமல் கையை ஆட்டினன்.

பிறகு நடந்ததை எல்லாம் சொன்னா. குறிப்பு, பிறந்த ஊர், மச்சான், ஒண்டும் ஒளிக்கேல்லை. அவர் கேட்டுக்கொண்டு இருந்தார். நம்பினாரோ இல்லையோ, முகத்திலை ஒண்டும் தெரியேல்லை.

“வதனி, ஒண்டு மட்டும் கேக்கிறன்” எண்டார். “உமக்கு இந்தக் கலியாணம் விருப்பமோ?”

சொல்லு பிள்ளை, ஓமெண்டு சொல்லு, லைன் அறுந்து போறதுக்கு முதல் சொல்லு!

வதனி மெல்லமாய்ச் சொன்னா:

“இதை இவ்வளவு நாளும் ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை. அப்பாவும் கேக்கேல்லை, புறோக்கரும் கேக்கேல்லை, நீங்களும் கேக்கேல்லை. எனக்கு உடனை சொல்லத் தெரியேல்லை. நான் யோசிச்சுச் சொல்லுறன்.”

ஐயோ கடவுளே! நான் தலையிலை கை வைச்சிட்டன். இவ்வளவு பாடுபட்டுக் கடைசியிலை இந்தப் பிள்ளை எல்லாத்தையும் கவிட்டுக் கொட்டிப் போட்டுதே!

திரையிலை ரமணன்ரை முகம் அசையாமல் நிண்டுது. லைன் அறுந்திட்டுதாக்கும் எண்டு வயரைப் பிடிக்கக் குனிஞ்சன். அப்பதான் சிரிப்புச் சத்தம் கேட்டுது. அந்த மனிசன் கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சிரிக்கிறார்!

“வேண்டாமெண்டு எழுதினது கள்ளன். ஓமெண்டு இப்ப சொல்லியிருந்தால், அது உம்மடை அப்பா சொல்லிக் குடுத்ததெண்டு நினைச்சிருப்பன். யோசிச்சுச் சொல்லுறன் எண்டு சொல்ல உலகத்திலை நீர் ஒராள்தான் இருக்கிறீர். இப்ப நம்புறன், நீர்தான் வதனி. ஆறுதலாய் யோசியும்.”

வெளியிலை செல்லையா அண்ணை கண்ணாடியிலை மூக்கை ஒட்டிக்கொண்டு, “என்னவாம், என்னவாம்?” எண்டு நிக்கிறார். “யோசிச்சுச் சொல்லுவாவாம்” எண்டன். அந்த மனிசன் முழிச்ச முழி! நாநா வாயைப் பொத்திச் சிரிச்சுக்கொண்டு உள்ளுக்கை போனார்.

வதனி உண்மையாய் ஆறுதலாய்த்தான் யோசிச்சா. மழைக்காலம் தொடங்கின பிறகு ஒருநாள் தனியாய் வந்து, இருந்து எழுதிப் போட்டு, எல்லாத்தையும் வடிவாய் மூடிப் போட்டுப் போனா. என்ன எழுதினா எண்டு எனக்குத் தெரியாது, நான் கேக்கவும் இல்லை. வாய் உன்னிச்சுது, அடக்கிக்கொண்டன். பேந்து தைப்பொங்கல் முடிஞ்ச கையோடை, பெரிய சூட்கேசை இழுத்துக்கொண்டு ஒரு மெலிஞ்ச மனிசன் கடை வாசலிலை வந்து நிண்டு, “அக்கா, பூவரசங்குளம் பஸ் எவடத்திலை எடுக்கிறது?” எண்டு கேட்டபோதுதான், வதனி எழுதின மறுமொழி எனக்கும் தெரிய வந்தது.